ஒரே மாடி, ஒரே வகுப்பு, வெளியே ஓர் ஊர்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் குடிமைப்பணி விடுதிக் குழுக்களில் சேர ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து முன்பணமும் கட்டியாகிவிட்டால், அடுத்து விடுதி விண்ணப்பம் வரும். அறையில் எத்தனை பேர், எந்த உணவுத் திட்டம், இரவு எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் ஓரிடத்தில் ‘லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி எதிலாவது சேர விருப்பமா?’ என்று கேட்பார்கள். கீழே நீளமாக ஒரு பட்டியல். பொறியியல், கலை, சுற்றுச்சூழல், மொழிகள், உடல்நலம் என்று போகும் அந்தப் பட்டியலில் குடிமை, பொதுச்சேவை, ஜனநாயகம் ஆகிய சொற்களைத் தாங்கியும் ஒன்றிரண்டு பெயர்கள் இருக்கும். குடிமைப்பணி என்று நான் இங்கே சொல்வது அரசு வேலையை இல்லை, ஊருக்காகச் செய்யும் பொதுக்காரியத்தை. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அவற்றைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ‘சேவை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் படிப்பு’ என்று பெற்றோரும் சொல்லிவிடுகிறார்கள். இவற்றில் நல்லவை எவை, பெயருக்கு நடப்பவை எவை என்று பிரித்தறியத் தெரிந்தால், முதலாண்டில் இதைவிட உருப்படியான தேர்வு அதிகம் இல்லை என்பது என் கருத்து. பிரித்தறிவதுதான் கடினம்.

இது என்ன ஏற்பாடு?

ஒத்த ஆர்வமுள்ள முதலாண்டு மாணவர்களை விடுதியின் ஒரே மாடியிலோ ஒரு பகுதியிலோ தங்க வைப்பார்கள். சில இடங்களில் முப்பது பேர், சில இடங்களில் நூற்றுக்கும் மேல். அவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுக்கவேண்டிய ஒரு வகுப்பு இருக்கும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) உள்ள செமினார், அதாவது கலந்துபேசிப் படிக்கும் சிறு வகுப்பு. அத்துடன் வளாகத்துக்கு வெளியே ஏதாவது ஒரு பணி: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, உணவு வங்கி, வாடகைதாரர் உதவி மையம், புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்பு, வாக்காளர் பதிவு. விடுதி, வகுப்பு, வெளிப்பணி மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடக்கவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இது நேற்று முளைத்த யோசனையில்லை. 1927இல் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குள் ‘எக்ஸ்பெரிமென்டல் காலேஜ்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். மாணவர்கள் ஆடம்ஸ் ஹால் என்ற விடுதியில் சேர்ந்து தங்கினார்கள். ஆசிரியர்களின் அறைகளும் அங்கேயே இருந்தன. முதல் ஆண்டு முழுக்கப் பண்டைய ஏதென்ஸ், இரண்டாம் ஆண்டு அன்றைய அமெரிக்கா. இடையில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு வட்டாரத்தை நேரில் ஆராய்ந்து எழுதவேண்டும். 1932இல் அது மூடப்பட்டது. ஆனால் இன்றைய விடுதிக் குழுக்களின் குடும்ப மரத்தை வரைந்தால் வேர் அங்கேதான் போய் நிற்கும்.

இன்னொரு வேர் சிகாகோவில் இருக்கிறது. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸைத் தொடங்கி அங்கேயே குடியிருந்தார்கள். அந்தப் பகுதியில் குப்பை அள்ளப்படாமல் நாறிக்கொண்டிருந்தது. 1895இல் ஆடம்ஸே 19ஆம் வார்டின் குப்பை ஆய்வாளராக நியமனம் பெற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளைப் பின்தொடர்ந்து போய்க் கண்காணித்தார். பொதுக்காரியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கருணை மட்டும் போதாது. வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியவேண்டும்.

இன்று குடிமைப் பணியை மையமாகக் கொண்ட குழுக்களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘மிச்சிகன் கம்யூனிட்டி ஸ்காலர்ஸ் புரோகிராம்’ 1999 முதல் நடந்துவருகிறது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ‘சிவிகஸ்’ இரண்டாண்டுத் திட்டம். இதே பாணியில் வேறு பல பல்கலைக்கழகங்களிலும் உண்டு. பெயர்தான் ஊருக்கு ஊர் மாறும். கல்வி ஆய்வாளர் ஜார்ஜ் கூ 2008இல் தொகுத்த ‘அதிகப் பலன் தரும் கல்வி முறை’களின் பட்டியலில் முதலாண்டு செமினார், கற்றல் குழு, சமூகப் பணியோடு இணைந்த கல்வி மூன்றும் இடம்பெற்றிருக்கின்றன. நல்ல குடிமைப்பணிக் குழு ஒன்றில் மூன்றும் சேர்ந்தே கிடைக்கும்.

சேருவதற்கு முன் கேட்கவேண்டியவை

விளம்பரக் கையேடு எதையும் சொல்லாது. எல்லாக் கையேட்டிலும் ஒரே நிறச் சட்டை போட்ட பதினைந்து பேர் சிரித்துக்கொண்டு மண்வெட்டியோடு நிற்பார்கள். அதை மூடிவைத்துவிட்டு, திட்ட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

முதல் கேள்வி: வெளியே எந்தெந்த அமைப்புகளோடு வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டுகளாக? இதற்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். ‘வாரந்தோறும் இன்ன தொடக்கப் பள்ளி, இன்ன சட்ட உதவி மையம், ஏழெட்டு ஆண்டுகளாக’ என்று பதில் வந்தால் அங்கே உறவு இருக்கிறது. ‘ஆண்டுக்கு இரண்டு சேவை நாட்கள், தேவைக்கேற்ப வெவ்வேறு இடங்கள்’ என்று வந்தால் அது சட்டை போட்டுக்கொண்டு படம் எடுக்கும் குழு. விடுதி மாடி நன்றாக இருக்கலாம், நண்பர்கள் கிடைக்கலாம். குடிமைப் பணியைப் பற்றிப் பெரிதாக எதுவும் கற்கமாட்டீர்கள்.

அடுத்து வகுப்பு. அதை நடத்துபவர் யார்? துறைப் பேராசிரியரா, விடுதி நிர்வாக ஊழியரா? ஊழியர் என்றால் மோசம் என்று பொருளில்லை. பல இடங்களில் அவர்கள்தான் ஊரை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் பேராசிரியர் ஒருவர் பொறுப்பில் இருந்தால் அந்த கிரெடிட் பட்டத்துக்கான பொதுப்பாடத் தேவையில் கணக்கில் சேர வாய்ப்பு அதிகம். சேருமா, வெறும் விருப்பப் பாடமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொறியியல், செவிலியர் படிப்புக்காரர்களுக்கு இது முக்கியம்; அவர்களுடைய அட்டவணையில் கூடுதல் கிரெடிட்டுக்கு இடமே இருக்காது.

போக்குவரத்தைக் கேட்க மறந்துவிடாதீர்கள். முதலாண்டு மாணவர்களில் பலரிடம் கார் இருக்காது; சில வளாகங்களில் அவர்களுக்கு வாகன அனுமதியே கிடையாது. பணியிடத்துக்கு வேன் உண்டா, பஸ் போகிறதா, திரும்பும்போது இரவாகிவிடுமா என்பதையெல்லாம் செப்டம்பரில் கேட்பதைவிட மே மாதத்தில் கேட்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட மேலான ஒரு வழி, அந்தக் குழுவில் இப்போது இருக்கும் ஒரு மாணவரோடு பேசுவது. அலுவலகமே தொடர்பு ஏற்படுத்தித் தரும். ‘திட்டம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘அருமை’ என்றுதான் பதில் வரும். ‘போன வாரம் இந்தத் திட்டத்துக்காக என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். நாள், இடம், மனிதர்கள் என்று பதில் வந்தால் நம்பலாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘போன வாரம் ஒன்றும் இல்லை, ஆனால் அக்டோபரில்...’ என்று இழுத்தால் விடை கிடைத்துவிட்டது.

விண்ணப்பக் கட்டுரை

பெரும்பாலான குழுக்கள் ஒன்றிரண்டு சிறு கட்டுரைகள் கேட்கும். கடைசி நாள் இடத்துக்கு இடம் மாறும். சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கை விண்ணப்பத்தோடே கேட்டுவிடுகின்றன, சில விடுதி விண்ணப்பத்தோடு கேட்கின்றன. அமெரிக்காவில் சேர்க்கையை உறுதிசெய்யும் வழக்கமான நாள் மே 1. அதை ஒட்டியே விடுதி வேலைகளும் ஓடும் என்பதால் ஏப்ரலிலேயே கட்டுரையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் உலகத்தை மாற்றப்போவதாக எழுதவேண்டாம். தேர்வுக் குழுவினர் அந்த வாக்கியத்தை ஆண்டுக்கு நூறு முறை படிக்கிறார்கள். செய்ததைவிட, செய்தபோது கவனித்ததை எழுதுங்கள். ‘உணவு வங்கியில் வாரந்தோறும் பொட்டலம் கட்டினேன்’ என்பது ஒரு தகவல். ‘வரிசையில் நின்ற பலர் வேலைக்குப் போகும் சீருடையில் இருந்தார்கள், மையம் மாலை ஐந்து மணிக்கு மூடுவதால் மதிய இடைவேளையில் ஓடிவந்திருந்தார்கள், ஒரு நாளாவது எட்டு மணி வரை திறந்து வைக்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன்’ என்று எழுதினால் அதில் ஒரு மனிதர் தெரிகிறார். பதக்கமும் சான்றிதழும் இல்லாதவர்களுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. வீட்டில் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மொழிபெயர்த்ததும், அண்டை வீட்டுக்காரருக்கு அரசுப் படிவம் நிரப்பிக் கொடுத்ததும் பொதுக்காரியம்தான்.

பணமும் விசாவும்

பல குழுக்களில் கூடுதல் கட்டணம் இல்லை. சிலவற்றில் ஆண்டுக்கு ஒரு திட்டக் கட்டணம் உண்டு. அதைவிட, குழு குறிப்பிட்ட ஒரு விடுதியில் மட்டுமே இருக்கும் என்பதால், அந்த விடுதியின் அறை வாடகை மற்றவற்றைவிட அதிகமா என்று பாருங்கள். செலவு ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.

அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டை உள்ளவர்களுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. படித்துக்கொண்டே பகுதிநேரம் வேலை செய்து சம்பாதிக்க வழிசெய்யும் கூட்டாட்சி அரசின் ‘வொர்க் ஸ்டடி’ உதவி கிடைத்தால், வெளிப்பணியையே ஊதியமுள்ள வேலையாகச் செய்ய முடியும். அந்த நிதியில் குறைந்தது 7 விழுக்காட்டைச் சமூகப் பணி வேலைகளுக்குப் பல்கலைக்கழகங்கள் செலவிடவேண்டும் என்பது விதி. நூலகத்தில் அட்டை ஸ்கேன் செய்வதற்குப் பதிலாகப் பள்ளியில் வாசிப்புப் பயிற்சி தரும் வேலை இருக்கிறதா என்று நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தேடிவந்து சொல்லமாட்டார்கள்.

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் வருபவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். வொர்க் ஸ்டடி உங்களுக்குக் கிடையாது. பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதலாண்டில் வளாகத்துக்கு வெளியே ஊதியம் பெறுவதற்குப் பொதுவாக வழியில்லை. ‘ஊதியமில்லை, உதவித்தொகை மட்டும்’ என்று ஓர் அமைப்பு பணம் தந்தாலும் அது வேலையாகக் கருதப்படலாம். அதேபோல, மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்வதும் சிக்கல். தொண்டு நிறுவனத்தில் எல்லோரும் தன்னார்வலராகச் செய்யும் பணி என்றால் தடையில்லை. சந்தேகம் வந்தால் குழுப் பொறுப்பாளரைக் கேட்பதோடு நிறுத்தாமல் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் கேளுங்கள். குழுப் பொறுப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விசா சட்டம் அவருடைய துறையில்லை.

வாக்குரிமை

குடிமைப்பணிக் குழுக்களில் தேர்தல் ஆண்டு என்றால் திருவிழா. வாக்காளர் பதிவு மேசை போடுவார்கள், விவாதம் நடத்துவார்கள், வீடு வீடாகப் போவார்கள். இந்த உற்சாகத்தில் குடியுரிமை இல்லாத மாணவர் ஒருவர், பக்கத்தில் நிற்பவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். போட்டுவிட்டால் அது சிறு தவறாக முடியாது. கூட்டாட்சித் தேர்தல்களில் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகக் கூறிக்கொள்வது நாடுகடத்தலுக்கும் பின்னாளில் விசா மறுப்புக்கும் காரணமாகலாம். பச்சை அட்டை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்திலும் வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்பார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. திரையில் வரும் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று அழுத்திக்கொண்டே போகும் பழக்கம் அங்கே ஆபத்து.

வாக்கில்லாதவருக்கு அந்த மேசையில் வேலையே இல்லையா என்றால், உண்டு. தேர்தல் நாளையும் வாக்குச்சாவடியையும் தெரிவிப்பது, கூட்டம் ஏற்பாடு செய்வது, வேட்பாளர்களிடம் கேட்கும் கேள்விகளைத் தொகுப்பது ஆகியவற்றுக்குக் குடியுரிமை தேவையில்லை. படிவங்களை வாங்கிச் சேகரிப்பதில் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்; முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை அட்டையும் இல்லாத வெளிநாட்டவர் எந்த வேட்பாளருக்கும் நன்கொடை தரக்கூடாது. ஐந்து டாலர் என்றாலும் கூடாது.

அங்கேயே பிறந்த, அல்லது குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகளுக்கு வேறு ஒரு கேள்வி: வீட்டு முகவரியில் வாக்களிப்பதா, விடுதி முகவரியிலா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 1971இல் அமெரிக்க அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக்கியது. ஆனாலும் டெக்சாஸின் வாலர் கவுண்டியில், வரலாற்று ரீதியாகக் கறுப்பினத்தவருக்கான பிரெய்ரி வியூ பல்கலைக்கழக மாணவர்களிடம் மட்டும் ‘இங்கே சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்தபின் இங்கேயே இருப்பீர்களா’ என்று கேள்வித்தாள் நீட்டிப் பதிவை மறுத்துவந்தார்கள். 1979இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் வந்த தீர்ப்பை உறுதிசெய்தது. எனவே கல்லூரி ஊரில் வாக்களிக்கும் உரிமை யாரும் போடும் பிச்சையில்லை. நடைமுறையில் கவனிக்கவேண்டியது வேறு: ஒவ்வோர் ஆண்டும் விடுதி மாறினால் முகவரியும் மாறும், பதிவையும் புதுப்பிக்கவேண்டும். சில மாநிலங்களில் பதிவு தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பே முடிந்துவிடும்.

அறையும் மாடியும்

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறைத்தோழர் முன்பே தெரிந்தவர் என்றால் அவரும் அதே குழுவில் சேர்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரே அறை கிடைக்காது. முதல் வாரத்தில் ஆர்.ஏ. எனப்படும் மூத்த மாணவர் ஒரு ‘அறை உடன்படிக்கை’ படிவம் தருவார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடாமல், தூங்கும் நேரம், விருந்தினர், பொருட்களைப் பகிர்வது மூன்றையும் வெளிப்படையாகப் பேசி எழுதுங்கள். பொதுநலத்தில் ஆர்வமுள்ளவர்கள் எல்லாம் பாத்திரம் கழுவுவார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும், 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. கட்டணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும், அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து மதிப்பெண்ணையோ வருகைப் பதிவையோ கேட்டால் சொல்லாமல் போகலாம். அது அவமதிப்பில்லை, சட்டம்.

பணியிடத்தைத் தேர்ந்தெடுப்பது

செப்டம்பர் நடுவில் வெளிப்பணிகளின் பட்டியல் கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் அவசரப்படாதீர்கள். நான்கு இடங்களில் பெயர் கொடுத்து எல்லாவற்றையும் சுவைபார்க்கத் தோன்றும். ஒன்றே ஒன்றை எடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று ஆண்டு முழுக்கப் போவதுதான் பயன் தரும்.

காரணம் எளியது. பள்ளி முடிந்தபின் நடக்கும் பாட உதவி வகுப்பை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரங்கள் அந்தப் பிள்ளைக்கு உங்கள் பெயர்கூட நினைவிருக்காது. நான்காவது வாரம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பேச்சை மாற்றுவான். அவனுக்குக் கணக்கு வராததற்குக் காரணம் கேள்வியை வாசிக்க முடியாததுதான் என்று ஆறாவது வாரம்தான் உங்களுக்குப் புரியும். இடையில் இரண்டு வாரம் போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. உங்கள் இடைத்தேர்வு வாரம் அவனுக்குத் தெரியாது. நீங்கள் வரவில்லை என்பது மட்டும் தெரியும். ஒரு பருவம் ஏறத்தாழ பதினைந்து வாரம். அதில் தேர்வையும் விடுமுறையையும் கழித்தால் மிஞ்சுவது பன்னிரண்டுக்குள். எனவே முதல் நாளே பல்கலைக்கழக நாட்காட்டியை எடுத்துப்போய், எந்தெந்த நாட்களில் வரமாட்டீர்கள் என்று பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யும் மாணவர்கள் குறைவு. பொறுப்பாளர்கள் செய்தவரை மறக்கமாட்டார்கள்.

பிள்ளைகளோடு வேலை என்றால் குற்றப் பின்னணிச் சோதனை, சில இடங்களில் கைரேகை, காசநோய்ப் பரிசோதனை ஆகியவை கேட்கப்படும். இவை முடியச் சில வாரங்கள் ஆகலாம். படிவம் கையில் வந்த அன்றே அனுப்பாவிட்டால், அக்டோபர் முழுக்க விடுதியில் உட்கார்ந்திருப்பீர்கள். பிள்ளைகளைப் படம் எடுத்து வெளியிடக்கூடாது. அனுமதி இருக்கிறதா என்று கேட்கும் முன் கைபேசியைப் பையில் போட்டுவிடுவது நல்லது.

போன இடத்தில் முதல் மாதம் யோசனை எதுவும் சொல்லாமல் இருப்பது உத்தமம். நாற்காலி அடுக்கச் சொன்னால் அடுக்குங்கள். அங்கே இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் அம்மாவுக்கு, ‘இணையத்தில் ஒரு படிவம் போட்டால் இந்த வரிசையே வேண்டாமே’ என்ற உங்கள் யோசனை ஏற்கெனவே வந்திருக்கும்; வரிசையில் நிற்பவர்களில் பலரிடம் இணையம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். காரணம் கேளுங்கள், சொல்வார்.

நகர மன்றத்துக்கு ஒருமுறை

வகுப்பில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், முதல் பருவத்திலேயே நகர மன்றக் கூட்டத்துக்கோ பள்ளி வாரியக் கூட்டத்துக்கோ ஒருமுறை போய் உட்காருங்கள். எல்லா மாநிலங்களிலும் திறந்த கூட்டச் சட்டங்கள் உண்டு. யாரும் போகலாம், விசா யாரும் கேட்கமாட்டார்கள். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வெளியாகும். உங்கள் பணியிடத்தைத் தொடும் ஏதாவது ஒன்று அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்: பஸ் தடம், பள்ளி நேரம், வாடகை வீட்டு ஆய்வு.

கூட்டம் சலிப்பாக இருக்கும். சாக்கடைக் குழாய் ஒப்பந்தம் ஒன்று முக்கால் மணி நேரம் ஓடும். பிறகு பொதுமக்கள் பேசும் நேரம் வரும். முன்பதிவுத் தாளில் பெயர் எழுதியவர்கள் ஒவ்வொருவராக ஒலிவாங்கி முன் வருவார்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். எதிரே கடிகாரம் பின்னோக்கி ஓடும், முடிந்ததும் ஒலி எழும்பும். கோபத்தோடு வந்தவர்கள் முன்கதையிலேயே நேரத்தைத் தீர்த்துவிட்டு, கோரிக்கையைச் சொல்லும்போது ஒலி எழும்பிவிடும். பழகியவர் முதல் வாக்கியத்திலேயே ‘நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருளை எதிர்க்கிறேன், காரணம் இது’ என்று தொடங்குவார். இதை அரை மணி நேரம் பார்த்தாலே உள்ளாட்சி பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாதது நிறையப் புரியும். பேச விரும்பினால், எழுதிவைத்து, சத்தமாக வாசித்து, கடிகாரத்தில் பார்த்து, பாதியாக வெட்டுங்கள். நீங்கள் பணிசெய்யும் அமைப்பின் சார்பில் பேசுவதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தாலொழிய. வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக்கூடாது என்ற சட்டம் வேறு இருக்கிறது. உங்கள் ஒரு வாக்கியம் அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடலாம்.

குறிப்பேடு

செமினாரில் ‘சிந்தனைக் குறிப்பு’ எழுதச் சொல்வார்கள். ‘இந்த அனுபவம் என்னை நெகிழவைத்தது’ என்று பக்கம் பக்கமாக எழுதலாம், மதிப்பெண்ணும் வரும். அதைவிட, பணியிடத்திலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, எது புரியவில்லை, யாரிடம் கேட்கவேண்டும். செமினாரில் பேச்சு எழுவது அந்தப் புரியாத ஒன்றிலிருந்துதான்.

ஒத்துவராவிட்டால்

சிலருக்கு ஒத்துவராது. மாடியில் எல்லோரும் ஒரே அரசியல் கருத்துடையவர்களாக இருந்து, மாற்றுக் கருத்துச் சொல்பவர் ஒதுக்கப்படுவதும் உண்டு. ‘நீ என்ன ஊர், உங்கள் நாட்டில் இதெல்லாம் உண்டா’ என்று உங்களை நடமாடும் கண்காட்சியாக நடத்துவதும் உண்டு. முதலில் ஆர்.ஏ.விடம், பிறகு திட்டப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நல்ல திட்டம் என்றால் அதையே வகுப்பில் பேசுபொருளாக்குவார்கள். வெளியேறத்தான் வேண்டும் என்றால் விடுதி ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். குழுவை விட்டால் அறையையும் விடவேண்டுமா, அதற்குக் கட்டணம் உண்டா, செமினாரைக் கைவிடக் கடைசி நாள் எது என்று பாருங்கள். எஃப்-1 மாணவர்கள் ஒரு வகுப்பைக் கைவிடும்போது மொத்தம் 12 கிரெடிட்டுக்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம். முன் அனுமதி இல்லாமல் கீழே இறங்கினால் விசா நிலைக்கே கேடு.

இரண்டாம் ஆண்டை நோக்கி

அடுத்த ஆண்டு விடுதி முடிவுகள் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். பல வளாகங்களில் குளிர்கால விடுமுறைக்கு முன்பின்னாகவே கேட்டுவிடுவார்கள். இரண்டாண்டுத் திட்டம் என்றால் தொடர்வதே என் ஆலோசனை. முதலாண்டில் கற்றுக்கொண்டதைப் பயன்படுத்தக் கிடைப்பது இரண்டாம் ஆண்டுதான். ஓராண்டுத் திட்டம் என்றாலும், மூத்த வழிகாட்டியாகச் சிலரை எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் அதற்கு ஊதியமோ அறைச் சலுகையோ உண்டு.

தொடரவில்லை என்றால், பணியிடத்தில் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். எந்த பஸ், எந்த நிறுத்தம், பக்கக் கதவைத் திறந்துவிடுபவர் யார், எந்த மேசையில் உட்காரவேண்டும், எந்தப் பாடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று. பிள்ளைகளின் பெயரையும் குடும்ப விவரத்தையும் அதில் எழுதவேண்டாம்; அவற்றைப் பொறுப்பாளர் பார்த்துக்கொள்வார். இறுதித் தேர்வு வாரம் தொடங்குவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு நீங்களும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள், வாங்கிக்கொள்ள வேண்டியவரும் ஊருக்குப் போயிருப்பார்.